நாற்பத்தெட்டு இலக்கங்கள்

நாவற்குடா,
10.03.2024

அன்புள்ள ஷெரோன் அக்காவுக்கு,

உங்கள் நெஞ்சுச் சளி இறங்கிவிட்டதா? பண்டாரவளையில் விடிய நான்கு மணிக்கே எழும்பிச் செபத்துக்குப் போகவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு போங்கள். இங்கே நாங்கள் சுகம். இறால் உரித்து உரித்து அம்மாவின் விரல் நுனி வெடித்திருக்கிறது. எண்ணெய் பூசிக்கொண்டு அடுத்த நாளும் போகிறா.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்று இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே இருந்தவளுக்கு யார் வேலை கொடுத்தார்கள் என்று நினைப்பீர்கள். கல்முனை வீதியில் மதுரன் அண்ணாவின் கடை. போன் திருத்துவார்கள், கலியாணப் படம் எடுப்பார்கள், விண்ணப்பம் நிரப்புவார்கள். உங்களுக்குத் தெரிந்த கடைதான்.

அம்மா கூட்டிக்கொண்டு போனபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "பேசாத ஆள்தான் எனக்கும் வேணும். வாற ஆக்களோட கதைச்சுக் கதைச்சு என்ட வாய் நோகுது" என்று மதுரன் அண்ணா சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சம்பளம் உண்டு.

திருத்த வரும் போனின் முதுகில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டி, அதில் ஆளின் பெயரையும் போனைத் திறக்கும் இலக்கத்தையும் எழுதுவது என் வேலை. எல்லாரும் அந்த இலக்கத்தைக் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிறகு போனில் உள்ளதையெல்லாம் கணினிக்கு எடுத்து, அதிலிருந்து கறுப்பு ஹாட் டிறைவுக்குப் பாதுகாப்புப் பிரதியாக பெக்கப் எடுக்கவேண்டும். ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை.

கோயிலில் வாசகம் வாசிக்கப் பழகி நான் போனில் பதிந்த என் திக்கல், வகுப்பில் எல்லாருடைய போனிலும் ஒலித்த நாளிலிருந்து நான் சொந்தப் போன் வைத்திருக்கவில்லை. உங்கள் இல்லத்திலும் போன் இல்லை. ஆகவே நமக்குக் கடிதம்தான் சரி.

அம்மாவின் முத்தங்களோடு,
றொசானி


நவகன்னியர் இல்லம்,
பண்டாரவளை,
20.03.2024

அன்புத் தங்கச்சி றொசானிக்கு,

கிறிஸ்துவின் சமாதானம் நம் வீட்டில் நிறைவதாக. சளி இப்போது பரவாயில்லை. அம்மாவின் விரலுக்கு வெறும் எண்ணெய் போதாது, இரவில் துணி சுற்றிக்கொண்டு படுக்கச் சொல்.

நீ வெளியே போகத் தொடங்கியது பெரிய காரியம். ஆனால் அந்தக் கடை வேண்டாம். காத்தான்குடியில் அம்மாவுக்குத் தெரிந்த சித்தி நபீஸாவின் புடைவைக் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று முன்பு கேள்விப்பட்டேன். அங்கே கேட்டுப் பார். துணி மடிப்பதற்கும் பேசத் தேவையில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்காதே. அக்கா சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்.

இன்னொரு விஷயம். எங்களுக்கு வரும் கடிதங்களை மதர் முதலில் படித்துவிட்டுத்தான் தருவார். அது இங்குள்ள ஒழுங்கு. ஆகவே நல்ல செய்திகளையே எழுது.

உயிர்த்த ஞாயிறன்று எனக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்று.

உனக்காக மன்றாடும்,
அக்கா


நாவற்குடா,
21.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மெழுகுதிரி ஏற்றினோம். காற்றில் இரண்டு தரம் அணைந்தது. அம்மா இப்போது விரலுக்குத் துணி சுற்றுகிறா. உங்களுக்குத் தொண்டை எப்படி?

நல்ல செய்திதான் எழுதச் சொன்னீர்கள். இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

புத்தாண்டு விடுமுறை முடிந்து கடை திறந்த அன்று டிறைவில் இடம் போதவில்லை. "பழசுகளைப் பார்த்து வேண்டாததை அழி" என்று மதுரன் அண்ணா சொல்லிவிட்டு ஒரு கலியாணத்துக்குப் படம் எடுக்கப் போனார். பழையவை வருடவாரியாக, ஒரு போனுக்கு ஒரு அடைவாக, ஆளின் பெயரோடு கிடக்கின்றன. திருத்தி முடிந்து கொடுத்த பிறகும் ஒன்றையும் அழிக்கவில்லை. அடையாள அட்டைப் படங்கள், ஆஸ்பத்திரித் துண்டுகள், புருஷன் பெண்சாதி சண்டை, பிள்ளைகளின் படம். பூட்டு இல்லை. டிறைவைச் சொருகினால் யாரும் பார்க்கலாம்.

2022 ஜூன் மாதத்தில் என் பெயர் இருந்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் போனின் கண்ணாடி உடைந்து, நீங்கள்தான் திருத்தக் கொண்டுபோனீர்கள். அதிலிருந்த எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்த ஒன்பது நிமிடமும் இருக்கிறது. "உன்ட குரலைப் பதிந்து நீயே கேள், திக்கல் குறையும்" என்று நீங்கள் சொல்லித்தானே பதிந்தேன். "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடிக்கவேண்டிய இடத்தில் 'ஆ'வைத் தாண்ட முடியாமல் திரும்பத் திரும்பத் தொடங்குகிறேன். இரண்டு வருடமாக வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளைத்தான் சந்தேகித்தேன். அவளைச் சபித்துக்கூட இருக்கிறேன். அவள் இல்லை. மதுரன்.

நான் அழவில்லை. என் அடைவை அழிக்கவும் இல்லை. அதில் வேறொன்றும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுவேன். அவர் திரும்பி வந்தபோது தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நீங்கள் கணினி டிப்ளோமா படித்தவர். ஒரு டிறைவை யாராலும் திறக்க முடியாதபடி பூட்டுவது எப்படி? எனக்கு விளங்கும்படி எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
றொசானி


பண்டாரவளை,
02.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஆறு வாரம் பதில் போடாததற்குக் கோபிக்காதே. தியான நாட்கள் இருந்தன. பிறகு காய்ச்சல். இப்போது எழும்பி நடக்கிறேன். அம்மாவுக்கு என் சுகத்தைச் சொல்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். உனக்கு நடந்தது அநியாயம். உன் அடைவை அழித்துவிட்டு அந்த வேலையிலிருந்து நின்றுவிடு என்பதே என் விருப்பம். மன்னித்துவிடு என்று சொல்வது எனக்குச் சுலபம், உனக்குக் கஷ்டம் என்பதும் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லலாம் என்று மதரே சொன்னார். மற்றவர்களின் அந்தரங்கத்தைக் காப்பது நல்ல காரியம் என்றார். அலுவலகத்து டிறைவையும் என்னைக் கொண்டுதான் பூட்டுவித்தார்.

நீ நினைப்பது போல் இது கதவுக்குப் பூட்டுப் போடுவது இல்லை. கதவுக்குப் பூட்டினால் கதவை உடைத்து உள்ளே போகலாம், உள்ளே பொருள் அப்படியே இருக்கும். இதற்கு மறைகுறியாக்கம் என்று பெயர். டிறைவில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் படத்தையும் அர்த்தமில்லாத குப்பையாகக் கலைத்து வைக்கும். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தால் மட்டும் பழையபடி சேரும். டிறைவைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் குப்பைதான். அந்த வசதி கணினியிலேயே இருக்கும்.

கடவுச்சொல்லை ஒரு சொல்லாக வைக்காதே, ஒரு நீண்ட வசனமாக வை. பூட்டும்போது கணினி நாற்பத்தெட்டு இலக்கங்கள் தரும், ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். கடவுச்சொல் மறந்தால் அதுதான் கடைசி வழி. அதைத் தாளில் எழுதி, டிறைவ் இருக்கும் இடத்துக்குத் தூரமாக வைக்கவேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தாலும் திறக்காது. இரண்டும் தொலைந்தால், செய்த கம்பனியாலும் திறந்து தர முடியாது. அதை மட்டும் யோசித்துச் செய்.

ஆண்டவர் உன் இதயத்தைக் காப்பாராக.

அக்கா


நாவற்குடா,
30.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சலுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிடுங்கள். அம்மா உங்களுக்காக நேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தா. நானும் சுகம்.

நீங்கள் எழுதியதை நான்கு தரம் வாசித்தேன். முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கிவிட்டது. மதருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

பூட்டுவதற்கு மதுரன் சம்மதிப்பாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே கேட்கும்படி ஆயிற்று. போன சனிக்கிழமை சித்தி நபீஸா கடைக்கு வந்தா. அவவின் அடையாள அட்டையில் யாரோ ஒருவன் சிம் எடுத்து, அந்த சிம்மில் யாரையோ ஏமாற்றி, பொலிஸ் அவவின் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவ சத்தம் போடவில்லை. கதிரையை இழுத்து நடுக்கடையில் இருந்துகொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னா.

"ஒண்ட கடையிலதான் தம்பி என்ட போனைத் தந்தன். வேற ஒரு இடத்துக்கும் குடுக்கல்ல. பொலிஸுக்கும் இதத்தான் சொன்னன்" என்றா.

மதுரன் சத்தியம் பண்ணினார். மூன்று வாடிக்கையாளர்கள் போனைத் திருத்தாமலே வாங்கிக்கொண்டு போனார்கள். பின்னேரம், "உங்கள் தகவல்களுக்கு நாங்கள் பொறுப்பு" என்று பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். பிறகு என்னிடம் டிறைவைப் பூட்டத் தெரியுமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

"அப்ப நீயே ஏதாவது போட்டுப் பூட்டு. எனக்கு உதெல்லாம் ஞாபகம் நிக்காது. உன்ட வாய்தான் இந்தக் கடைக்குப் பெரிய பூட்டு புள்ள."

நீங்கள் சொன்னபடி நீண்ட வசனமாக வைத்தேன். பூட்டி முடிய ஒன்றரை நாள் எடுத்தது. காலையில் கடை திறந்ததும் நான் தட்டித் திறந்து வைப்பேன். அவர் ஒரு தடவைகூடக் கடவுச்சொல்லைக் கேட்கவில்லை. எழுதி வை என்றும் சொல்லவில்லை.

இந்தத் தாளின் பின்பக்கத்தில் எட்டு வரியாக நாற்பத்தெட்டு இலக்கங்கள் இருக்கின்றன. தூரமாக வைக்கவேண்டும் என்றீர்கள். உங்களைவிடத் தூரத்தில் எனக்கு யாரும் இல்லை. பத்திரமாக வையுங்கள்.

அம்மாவும் நானும் உங்களை நினைத்தபடி,
றொசானி


பண்டாரவளை,
25.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே விடாத தூறல், உடுப்புக் காய்வதில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோகிறதா?

உன் இலக்கங்களைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். மதர் பின்பக்கத்தைப் பார்த்து "இது என்ன, பாட்டு நம்பரா?" என்று கேட்டார். விளக்கினேன். சிரித்தார்.

எனக்கு டிசம்பர் எட்டாம் திகதி முதல் வார்த்தைப்பாடு, கன்னியராக வாக்குக் கொடுக்கும் நாள். அம்மாவும் நீயும் கட்டாயம் வரவேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் இப்படி ஒரு நாள் எனக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இந்த வாழ்க்கையைத் தவிர இப்போது எனக்கு வேறு ஆசை இல்லை.

ஒன்று கேட்கிறேன். நீ பழிவாங்க நினைக்கிறாயா? அவருக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள். அந்த அடைவில் வேறொன்றும் இருந்தது, பிறகு எழுதுவேன் என்று எழுதியிருந்தாய். அது என்ன? படமா? உனக்கு நேரம் கிடைத்தால் எழுது. அவசரமில்லை.

இடைவிடாமல் உன்னை நினைக்கும்,
அக்கா


நாவற்குடா,
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். அம்மாவின் முழங்காலுக்கு ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் எண்ணெய் தருகிறார்கள். இப்போது குந்தியிருந்து உரிக்காமல் வாங்குப் பலகையில் இருந்து உரிக்கிறா. உங்கள் வார்த்தைப்பாட்டுக்கு உடுத்த நீலச் சேலை ஒன்று எடுத்து, பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருக்கிறா. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறா.

பழிவாங்க நினைக்கிறாயா என்று கேட்டீர்கள். ஓம்.

ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் என்னிடம் எவ்வளவு செல்லும் என்று கேட்டார். விலையைச் சொல்ல வாயைத் திறந்தேன். 'ஆயிரம்' வரவில்லை. மதுரன் உள்ளேயிருந்து, "ஆ... ஆ... ஆ... பொறுங்க அண்ண, பஸ் இன்னும் ஸ்ராட் ஆகல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கேட்ட மனுஷனும் சிரித்தார். எல்லாரும் போன பிறகு மதுரன் எனக்கு ஒரு கிறீம் பிஸ்கற் பைக்கற் கொண்டுவந்து தந்தார். பகிடிதானே புள்ள என்றார். நான் அதை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு அது நன்றி போலத் தெரிந்திருக்கும்.

மற்றவர்களை நான் தண்டிக்கமாட்டேன். படம் கொடுக்காமல் கிடந்த கலியாணங்களையெல்லாம் சின்னச் சின்ன டிறைவில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கொண்டுபோய் அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டேன். சித்தி நபீஸாவின் மகனின் கலியாணமும் அதில் ஒன்று. கடையிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே என்று அவ எனக்கு வட்டிலப்பம் தந்தா. கறுப்பு டிறைவில் இப்போது மதுரனுடைய பொருள்தான் முக்கியமாக இருக்கிறது. எட்டு வருடமாக அவர் எடுத்த நல்ல படங்கள். அவற்றைக் காட்டித்தான் தைப்பொங்கலுக்கு முன் டவுனில் ஒருவரோடு பங்குக்குப் பெரிய ஸ்ரூடியோ திறக்கப்போகிறார்.

நீங்கள் கேட்ட மற்றதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

றொசானி


நாவற்குடா,
20.10.2024

ஷெரோனுக்கு,

அம்மா சுகம். நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

திங்கட்கிழமை பின்னேரம் இடி விழுந்தது. கடைக்குப் பின்னால் நின்ற தென்னை கருகிவிட்டது. மழைக் குணம் கண்டால் வயரைக் கழற்றவேண்டும் என்று தெரிந்தும் மதுரன் கழற்றவில்லை. கணினி செத்துவிட்டது. கறுப்பு டிறைவ் கழற்றி மேசை லாச்சிக்குள் இருந்தபடியால் தப்பிவிட்டது. அடுத்த நாள் இரவல் கணினி ஒன்றில் அதைச் சொருகினார். கடவுச்சொல் கேட்டது. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

நாலு நாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் போனார். நான் அறைக்குள் இருந்தேன். இன்று காலை அம்மா பூசைக்குப் போயிருந்த நேரம் வந்தார். வெளியே வந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் என் போனிலிருந்து எடுத்ததைக் கண்டேன் என்று சொன்னேன். சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அவர் நடுவில் சிரிக்கவில்லை.

"அது சும்மா பகிடிக்கு அனுப்பினது புள்ள. இப்பிடிப் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்? கடவுச்சொல்லைச் சொல்லு, உன்ட காலில விழுறன்."

"அக்காட்ட இருக்கு. நாப்பத்தெட்டு இலக்கம். போய்க் கேளுங்க" என்றேன்.

இன்றைக்கே பஸ் ஏறுவார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அவர் வந்து போயிருப்பார். அதற்காகவே சாதாரண முத்திரை ஒட்டியிருக்கிறேன்.

அந்த அடைவில் இருந்தது என்ன என்று கேட்டாயே. அவர் அங்கேயே போட்டு வைத்திருந்த ஒரு வீடியோ. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மதுரன் கடைக் கணினியில் என் குரலைப் போட்டுவிட்டு, அதற்கேற்றாற் போல் வாயைக் கோணி நடிக்கிறார். போனைப் பிடித்துப் படம் எடுக்கும் ஆள் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்கிறது. மூச்சு வாங்கிச் சிரிக்கிறது. பிறகு சொல்கிறது, "ஐயோ மது, இன்னொருக்காப் போடுங்க."

ஒரே பாயில் பதினைந்து வருடம் உன் பக்கத்தில் படுத்தவள் நான். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? என் போனைத் திருத்தக் கொண்டுபோனதும் நீ. திறக்கும் இலக்கத்தைச் சொன்னதும் நீ. பதிந்து பழகு என்று சொன்னதும் நீ. நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அறைக்குள் கிடந்தபோது, என் தலையைத் தடவி யாரென்று கண்டுபிடிப்போம் என்று சொன்னதும் நீ. ஆறு மாதத்தில் கடவுள் அழைக்கிறார் என்று பெட்டி கட்டினாய்.

மதர், இதை முதலில் நீங்கள்தான் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்கு என் வணக்கம்.

றொசானி


பண்டாரவளை,
17.11.2024

றொசானி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் சுகத்தைக் கேட்கிறேன். அம்மாவின் சுகத்தையும் கேட்கிறேன்.

அவர் இருபத்திரண்டாம் திகதி வந்தார். சந்திப்பு அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த வீடியோ உனக்குத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. நீ டிறைவைப் பூட்டிவிட்டு ஊர் முழுக்க அவரைப் பற்றிக் கத்தித் திரிவதாகவும், இலக்கத்தைத் தராவிட்டால் தான் இங்கேயே இருந்து மதரிடம் எங்கள் பழைய கதையெல்லாம் சொல்வதாகவும் சொன்னார். எங்களுக்குள் ஒன்றரை வருடம் பழக்கம் இருந்தது. அதை நான் இங்கே யாருக்கும் சொல்லவில்லை. விண்ணப்பத்திலும் எழுதவில்லை.

அவர் போய்விட்டால் போதும் என்று இருந்தது. செபப் புத்தகத்திலிருந்து தாளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுக்க இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. யார் வந்தது என்று மதர் கேட்டார். மாமாவின் மகன், அம்மாவுக்கு முழங்கால் நோ என்று சொல்ல வந்தவர் என்றேன்.

ஐந்தாம் நாள் உன் கடிதம் வந்தது. மதர் என்னைக் கூப்பிட்டார். கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, "உன்னுடைய மாமாவுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு அவர் சொல்வதெல்லாம் சிரிப்பாக இருந்தது. அது உன் குரல் என்பது காதில் ஏறவில்லை. அவர் அதை வெளியே அனுப்புவார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அனுப்பியபிறகு உனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. இங்கே வந்தால் அது என்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன்.

சிரித்ததற்காக மதர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொன்னதற்குத்தான். எட்டாம் திகதி எனக்கு வார்த்தைப்பாடு இல்லை. பத்தாம் திகதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு வருடம் யோசித்துவிட்டு வரலாம் என்றார். வரவும் தேவையில்லை என்றார்.

இப்போது அவர் டிறைவைத் திறந்திருப்பார். உன் ஒன்பது நிமிடம் மறுபடியும் அவர் கையில் இருக்கிறது. இரண்டாம் தடவையும் நானே கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எழுது.

ஷெரோன்


நாவற்குடா,
30.11.2024

ஷெரோனுக்கு,

நாங்கள் சுகம். நாலு நாள் மழையில் வாவித் தண்ணீர் வீதிக்கு ஏறி, நேற்றுத்தான் வடிந்தது. இறால் இல்லை, அம்மாவுக்கும் வேலை இல்லை. நீ பத்தாம் திகதி வரும் வழியில் பாதை திறந்திருக்கும் என்று வானொலியில் சொன்னார்கள்.

அவர் திறக்கவில்லை. உனக்கு அனுப்பிய எட்டு வரியிலும் ஒவ்வொரு இலக்கத்தை மாற்றித்தான் எழுதினேன். ஒரு இலக்கம் பிழைத்தாலும் திறக்காது என்று நீதானே சொல்லித் தந்தாய். அந்த வீடியோவைப் பார்த்து இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதிய கடிதம் அது. சரியான இலக்கத்தை உன்னிடம் தருவேன் என்று எப்படி நினைத்தாய்? நீ கொடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். எப்படி என்று எனக்கும் தெரியாது.

மூன்று கிழமை அவர் விதம் விதமாக மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்திருக்கிறார். கொழும்பில் ஒரு ஆளிடமும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் செய்ய இயலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். போன செவ்வாய்க்கிழமை வெள்ளத்துக்குள்ளால் நடந்து வந்து டிறைவை எங்கள் மேசையில் வைத்தார். பங்குக்காரர் தைக்கு முன் படங்களைக் காட்டாவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். ஒரு மனுஷன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு இரக்கம் வருமா என்று காத்திருந்து பார்த்தேன்.

அவரிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன்.

கடவுச்சொல் என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. நாற்பத்தொரு எழுத்து. எழுதித் தரமாட்டேன், நான் தட்டவும் மாட்டேன். வாயால் சொல்வேன், எழுத்து எழுத்தாக. பதினோராம் திகதி காலை பத்து மணிக்கு அவர் இரவல் கணினியோடு வருவார். நீ கணினிக்கு முன் இருந்து தட்டவேண்டும். அவர் உன் பக்கத்துக் கதிரையில் இருக்கவேண்டும். சித்தி நபீஸாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். திறந்த உடனே ஊராரின் போன்களில் எடுத்ததெல்லாம் அவவின் கண்ணுக்கு முன் அழியவேண்டும். பிறகு அவருடைய படங்களை அவர் கொண்டு போகலாம்.

அம்மாவும் இருப்பா. எப்படிச் சொல்வது என்று கேட்டாய். எழுத்துக்களைத் தொடங்குமுன் நீ சொல். அம்மா நீலச் சேலையை இன்னும் அலுமாரியிலேயே வைத்திருக்கிறா.

எனக்கு எந்த எழுத்துத் திக்கும் என்று உங்கள் இருவருக்கும் தெரியும். அதில் ஒன்பது எழுத்து அப்படிப்பட்டவை. யாரும் எனக்கு எடுத்துக் கொடுக்கக்கூடாது. நான் முடிக்குமுன் ஊகித்துத் தட்டக்கூடாது. கதிரையை விட்டு எழும்பக்கூடாது. யாராவது சிரித்தால் முதல் எழுத்திலிருந்து மறுபடியும் தொடங்குவேன். எனக்கு அவசரம் இல்லை.

றொசானி